சுவரில் பூத்தவர்

அபிராமபுரம்,
19 அக்டோபர் 2024

ஸ்ரீ

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு மன்னி ஜெயலக்ஷ்மி மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் எல்லாம் க்ஷேமம். உன் வயிற்றுப்புண், ஓசூர் குளிர், உன் சமையல், இந்த மூன்றில் எது முன்னேறியிருக்கிறது என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். "ம்" என்பாய். அதுதான் காரணம். ஓசூர் டைல்ஸ் கம்பெனியில் போய் உட்கார்ந்ததிலிருந்து நான் போனில் அரைமணி பேசுகிறேன், நீ "ம்" போடுகிறாய். ஒரு பொம்மனாட்டி தன் மைத்துனனின் "ம்"களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. காகிதத்தில் அதை மட்டும் எழுதி ஸ்டாம்பு ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணா வந்துவிட்டார்.

பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹாலில் மேற்குப் பக்கச் சுவர் இருக்கிறதே, அதில் வந்திருக்கிறார். பெரியபாளையம் பக்கத்துச் சூளையில் நீங்கள் இரண்டு பேரும் தோல் ஆலைக் கழிவுச் சேற்றைக் களிமண்ணோடு பிசைந்து சுட்ட முதல் செங்கல்லில் கட்டிய சுவர். "ஏரி மண்ணைத் தோண்ட வேண்டாம், சேற்றை ஊருக்குள் கொட்ட வேண்டாம், கரியும் மிச்சம்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுவதற்காகப் பூச்சே பூசாமல் விட்டாரே, அதேதான். மேல்வேஷ்டி இல்லாத மாமா மாதிரி இருக்கிறது என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

இந்த வாரம் பெய்த மழையில் அந்தச் சுவர் முழுக்க ஊறி, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. தலை, கழுத்து, தோள். இடது தோள் ஒரு பிடி இறங்கி. இருபது வருஷம் லேப்டாப் பையைத் தூக்கி இறங்கிய தோள் எனக்குத் தெரியாதா?

ஆவணியில் அவருடைய முதல் வருஷத் திதி, வருஷாப்தீகம் முடிந்து, வாத்தியார் "பரமபதத்துக்கு அனுப்பியாச்சு" என்று தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். அனுப்பிய ஆள் ஹாலில் நிற்கிறார். வாத்தியாரை என்ன செய்யலாம்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
மன்னி


ஓசூர்,
30 அக்டோபர் 2024

மன்னிக்கு பரத்வாஜ் தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. நலம். வயிறு பரவாயில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

அது உப்புதான். மழைநீர் செங்கல்லுக்குள் இறங்கி, உள்ளே இருப்பதைக் கரைத்து வெளியே கொண்டு வருகிறது. எல்லாச் செங்கல்லிலும் நடப்பது. பயப்பட ஒன்றுமில்லை.

வெள்ளையாகத்தானே இருக்கிறது? வேறு நிறம் எதுவும் கலந்திருக்கிறதா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுதவும்.

அடியேன்,
பரத்வாஜ்


அபிராமபுரம்,
7 நவம்பர் 2024

ஸ்ரீ

பரத்வாஜ், ஆசீர்வாதம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். முழங்கால் எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. தீபாவளிக்கு நீ வரவில்லை, லேகியம் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி உறைந்துவிட்டது.

நிறம் கேட்டாய். ஓரமெல்லாம் வெள்ளை. நடுவில் மஞ்சள். நல்ல எலுமிச்சை மஞ்சள். இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, மாடி வீட்டுக் கோமளவல்லி மாமி. சர்க்கரை கடன் வாங்க வந்தவள் சுவரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஜெயா, இது என்னடி?"

"உப்பு மாமி."

"உப்பு வெள்ளையா இருக்கும். இது நடுவுல மஞ்சளா இருக்கு. ரெண்டு பக்கமும் திருமண், நடுவுல ஸ்ரீசூர்ணம். நாமம்டி இது! உங்காத்துக்காரர் பரமபதத்துலேர்ந்து நாமம் சாத்திண்டு வந்திருக்கார்!"

"உசிரோட இருந்தப்போ நாமம் போட்டுக்கோங்கோன்னா அலர்ஜின்னு சொன்ன மனுஷன், மாமி."

"அங்கே கட்டாயமோ என்னவோ."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கொண்டை ஊசியால் மஞ்சளைச் சுரண்டி, குழைத்து, நெற்றியில் கீற்றாக இட்டுக்கொண்டுவிட்டாள். இரண்டு நாளில் விஷயம் தெருவுக்குப் பரவிவிட்டது. பஜனை கோஷ்டியிலிருந்து ஒருத்தி வந்து சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. உன் அண்ணா உயிரோடு இருக்கையில் அவர் சொன்னதைக் கேட்க ஆள் கிடைக்காமல் அலைந்தார். இப்போது க்யூ நிற்கிறது. நிற்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

உனக்கும் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அண்ணா பிரசாதம். நீ கெமிஸ்ட்ரி படித்தவன், நம்ப மாட்டாய். பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும்.

மன்னி


ஓசூர்,
13 நவம்பர் 2024

மன்னிக்கு,

நேற்றுப் போனில் சொன்னதுதான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். சுவரை யாரும் தொட வேண்டாம். சுரண்ட வேண்டாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் தரையைத் துடைத்து அந்தத் துணியைத் தனியாக பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவவும். மாமியின் நெற்றி எப்படி இருக்கிறது? டப்பாவைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஹாலைப் பூட்டிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பியதைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

பரத்வாஜ்


அபிராமபுரம்,
28 நவம்பர் 2024

ஸ்ரீ

பரத்வாஜ், ஆசீர்வாதம். முழங்கால் அப்படியே. நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. "தண்டன் சமர்ப்பித்து" கூட இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். நீ மரியாதையை மறந்தால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது.

மாமி நெற்றி கேட்டாய். நாமம் இட்ட இடத்தில் வட்டமாகப் புண். தோல் டாக்டர் ஏதோ ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்திருக்கிறார். மாமி களிம்பைத் தடவிக்கொண்டு, "பெருமாள் சோதிக்கிறார்" என்று இன்னும் பெருமையாக வளைய வருகிறாள். பஜனைக்காரியிடமிருந்து டப்பாவை வாங்கி வருவதற்குள் நான் பட்ட பாடு! "பிரசாதத்தைத் திருப்பிக் கேக்கற ஆத்தை இப்பத்தான் பாக்கறேன்" என்று கற்பகாம்பாள் நகர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஆட்களை நிறுத்திவிட்டேன். ஹாலைப் பூட்டவில்லை.

ஏன் பூட்டவில்லை என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன், சிரிக்காதே. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். பகலில் அது வெறும் கறை. வெளிச்சம் மங்கும்போது கறைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் முன்னே வருகிற மாதிரி இருக்கிறது. மழை பெய்கிற நாளில் முகம் நிரம்புகிறது. நேற்று மூக்கு வந்தது. எழுந்து போய்த் தோளில் கை வைத்தேன். ஈரம். அவருக்குச் சட்டையை நனைக்கிற மாதிரி வேர்க்கும், உனக்கும் தெரியும். கையை எடுக்கத் தோன்றவில்லை.

பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். நீ சொன்னாயே என்று.

என்ன மறைக்கிறாய்?

மன்னி


ஓசூர்,
12 டிசம்பர் 2024

மன்னிக்கு பரத்வாஜ் தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. என் உடம்பு நலம். உங்கள் கை எப்படி இருக்கிறது? விரல்களில் புண் ஏதாவது வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. தோலைப் பதனிட குரோமியம் போடுவார்கள். அது அந்த ஆலைச் சேற்றில் இருக்கும். சேற்றில் இருக்கிற வரை அது அவ்வளவு பொல்லாதது இல்லை. செங்கல்லில் வைத்துச் சுட்டால் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும், வெளியே வராது என்று அண்ணாவும் நானும் நம்பினோம். ஆனால் சூளையில் காற்று அதிகமாகப் போனால் நெருப்பு அதை வேறு ஒன்றாக மாற்றிவிடும். அது தண்ணீரில் கரையும். மஞ்சளாக இருக்கும். தொட்டால் புண், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. உங்கள் சுவரில் பூத்திருப்பது அதுதான்.

அந்தச் சோதனைச் சூளை ஒன்றோடு சேற்றை நிறுத்திவிட்டோம். பிறகு செய்ததெல்லாம் சாம்பல் கலந்த கல். அவற்றில் குற்றமில்லை. அதனால் மற்ற வாடிக்கையாளர்களைப் பற்றிப் பயம் வேண்டாம். மிச்சக் கற்களைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சுவரை உடைக்க வேண்டும் மன்னி. நனைத்து, தூசி கிளம்பாமல், முகமூடி போட்ட ஆட்களை வைத்து உடைக்க வேண்டும். நான் ஏற்பாடு செய்கிறேன். அதுவரை ஹாலுக்குள் போகாதீர்கள்.

அடியேன்,
பரத்வாஜ்


அபிராமபுரம்,
20 டிசம்பர் 2024

ஸ்ரீ

பரத்வாஜ், ஆசீர்வாதம் பண்ணுகிறேன், கோபத்தோடு. கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுதுகிறதே, தெரியவில்லையா?

ஹாலைப் பூட்டிவிட்டேன். சாவி அரிசி டின்னுக்குள். டின்னைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் சாவி என்னைப் பார்க்கிறது. இப்போது சாதம் வடிக்கவே பிடிக்கவில்லை, சப்பாத்திதான்.

உடைக்கிறேன் என்று சுலபமாக எழுதிவிட்டாய். ஒரு தடவை பெசன்ட் நகர் மயானத்துக்கு அனுப்பினேன். அப்போது தூக்கினவர்கள் நாலு பேர், அழுதவர்கள் நாற்பது பேர், என்னைத் தாங்கிக்கொள்ளக் கை இருந்தது. இன்னொரு தடவை சுத்தியலோடு வந்து தூக்குவார்களாம். புருஷன் இரண்டு தடவை போவதற்கு எந்த சாஸ்திரத்தில் காரியம் சொல்லியிருக்கிறது? மாமியைக் கேட்கலாம், அவள் ஒன்று உண்டாக்கிக் கொடுப்பாள். வேண்டாம்.

போகட்டும், அதற்கு மனசைத் தேற்றிக்கொள்கிறேன். இன்னொன்று.

"மிச்சக் கற்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். நான் மிச்சக் கல்லைப் பற்றிக் கேட்கவே இல்லையே, பரத்வாஜ். பாங்கியில் கௌன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னால் அவனை நிறுத்தி வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடுவேன்.

மிச்சக் கல் எங்கே?

மன்னி


ஓசூர்,
22 ஜனவரி 2025

மன்னிக்கு பரத்வாஜ் தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. நலம். பொங்கலுக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். இங்கே குளிர் அதிகம். கம்பெனியில் புதிய அடுப்பு பொருத்துகிறார்கள், ஓய்வே இல்லை.

அண்ணாவின் பழைய கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கும். கழிவுப் பொருளில் கட்டுமானம் செய்பவர்களுக்கு அண்ணா பெயரில் வருஷா வருஷம் விருது கொடுக்கப்போகிறார்கள். பிப்ரவரி 23. மயிலாப்பூரில் விழா. முதல் விருதை நீங்கள் கையால் கொடுக்க வேண்டுமாம். நான் பேசுகிறேன். அண்ணாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடியேன்,
பரத்வாஜ்


அபிராமபுரம்,
1 பிப்ரவரி 2025

ஸ்ரீ

பரத்வாஜ், ஆசீர்வாதம். முழங்கால் வலிக்கிறது. நேற்று சிந்தாதிரிப்பேட்டையில் மாடிப்படி ஏறினேன்.

நீ ஒரு மாதம் கழித்துக் குளிரைப் பற்றி எழுதுகிறாய். சரி, இவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தங்கவேலைப் பிடித்தேன். உங்கள் சூளை லாரி ஓட்டினானே, அவன்தான். இப்போது மந்தைவெளியில் ஆட்டோ. "முதல் லோடு எங்கே எறக்கினேப்பா?" என்றேன்.

"உங்க வூட்ல பாதி எறக்கினேன். மீதிய சார் சிந்தாதிரிப்பேட்டைக்கு எட்த்துக்கினு போவ சொன்னாரு. அந்த வூட்டுக்கு சார் அப்பப்போ போய்க்கினு இருந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

என் புத்தி எங்கே போயிருக்கும், சொல்லு. ஆட்டோ மவுண்ட் ரோடு தாண்டுவதற்குள் நான் அந்தப் பெண்ணுக்கு வயசு, நிறம், மூக்குத்தி எல்லாம் வைத்துவிட்டேன். செங்கல் அனுப்பிச் சின்ன வீடு கட்டியிருக்கிறார், இந்த மனுஷன்தான் இங்கே தோசைக்குச் சட்னி காரம் என்று சாதுவாகச் சிணுங்கினார் என்று பொருமிக்கொண்டே படியேறினேன்.

கதவைத் திறந்தவள் பெயர் ஜுவேரியா. நம் ஹால் சுவரைக் கட்டின கொத்தனார் அப்துல் சமத்தின் பெண். அப்பாவை "அத்தா" என்கிறாள். அவர் கட்டின அழகில் சொக்கிப்போய் உன் அண்ணா மிச்சக் கல்லை அவருக்கே கொடுத்திருக்கிறார். அதில் அவர் தன் வீட்டுக்கு ஒரு சமையலறை கட்டியிருக்கிறார். சமத் போன வருஷம் நோன்புக்கு முன்னால் போய்விட்டாராம். என்ன வியாதியில் என்று கேட்டேன். சுகர் என்றாள். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர்க் குடங்களுக்கு மேலே, சுவரில், பரத்வாஜ், அவர் நின்றார். அதே தலை. இறங்கின தோள். மஞ்சள்.

"இன்னாமா அப்டி பாக்குறீங்க? எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க. எங்க அத்தாம்மா அது. கொத்துக்கரண்டி புடிச்சிப் புடிச்சி ஒரு தோளு எறங்கிப்போச்சு அவருக்கு. மழ வந்தா நல்லா தெரிவாரு. நான் தெனம் தொடச்சி வுடுறேன். மூஞ்சி கய்வி வுடுற மாதிரி."

துடைக்கிற கையைப் பார்த்தேன். விரல் மூட்டுகளில் சின்னச் சின்னக் குழிப் புண்கள். ஆணி அடித்துப் பிடுங்கின மாதிரி.

டீ கொடுத்தாள். குடித்தேன். எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. ஊர் வம்பு முழுக்கப் பேசுகிற இந்த வாய், சர்க்கரை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னது. கிளம்பும்போது அவள் சிரித்தாள்.

"நீங்களும் சார் மாதிரியே கீறீங்கம்மா. அவரும் அத்தா இருக்கசொல்ல ரெண்டு மூணு தபா வந்தாரு. இங்கதான் ஒக்காந்துகினு டீ குடிப்பாரு. செவுத்தையே பாத்துக்கினு இருப்பாரு. ஏதோ சொல்ல வந்த மாதிரியே இருக்கும். ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சி பூடுவாரு."

அவர் எதற்குப் போனார்? அவருக்குத் தெரியுமா? இந்தக் கடிதத்துக்குக் குளிரைப் பற்றிப் பதில் எழுதினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மன்னி


ஓசூர்,
9 பிப்ரவரி 2025

மன்னிக்கு பரத்வாஜ் தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் நலம் சொல்ல எனக்கு வாயில்லை.

தெரியும்.

அந்தச் சூளைக் கற்களை நாங்கள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தது வெகு தாமதமாக. உங்கள் சுவரும் அவர்கள் சுவரும் எழும்பிய பிறகு. முடிவைப் பார்த்ததும் அண்ணா சேற்றை நிறுத்தினார். "நானே போய்ச் சொல்றேன்டா, நீ எழுதாதே. கடிதாசில சொல்ற விஷயமில்லை. கொஞ்சம் டயம் குடு" என்றார். சமத் பாய் அந்தச் சமையலறையைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டாராம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, "இன்னிக்கு முடியலை" என்பார். உங்களிடமும் சொல்லவில்லை. வீட்டுச் சுவருக்கு ஏதோ நிறமில்லாத வார்னிஷ் பூச்சு அடித்தார், நினைவிருக்கிறதா? பளபளப்பு என்று சொன்னாரே, அது பளபளப்புக்காக அடித்தது இல்லை. அது பெயர்ந்துதான் இப்போது மஞ்சள் வந்திருக்கிறது.

பிறகு அண்ணா போய்விட்டார். அவர் கேட்ட அவகாசத்தை நான் என் கையில் வைத்துக்கொண்டேன்.

வெடித்துப்போன கற்களைச் சூளைக்குப் பக்கத்து ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறோம். அதுவும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழா முடியட்டும். அதற்குள் ஜுவேரியா வீட்டில் ஆள் விட்டுப் பூச்சுப் பூசிவிடலாம், வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணா மண்ணைக் காப்பாற்ற நினைத்தவர். அவர் பெயரில் இது மட்டும் மிஞ்ச வேண்டாம்.

அடியேன்,
பரத்வாஜ்


அபிராமபுரம்,
12 மார்ச் 2025

ஸ்ரீ

பரத்வாஜ், உனக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது, மாமிக்கும் நெற்றி ஆறிவிட்டது. தழும்பு மட்டும் நாமம் மாதிரியே நின்றுவிட்டது, அவளுக்கு அதில் பரம சந்தோஷம். உன் கடிதம் கிடைத்த பிறகு இத்தனை நாள் எழுதவில்லை. நீ என்னை ஒரு மாதம் காக்கவைத்தாய், சரிக்குச் சரி.

விழாவுக்கு நான் வரமாட்டேன் என்று கல்லூரிக்கு எழுதிவிட்டேன். ஏன் என்றும் எழுதினேன். அவர்கள் மிகவும் மரியாதையாக விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு ஜுவேரியா வீட்டுக்குப் போனேன். நல்ல புடவை உடுத்திக்கொண்டால் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் இத்தனை பட்டோடு திரும்பி ஓடவும் முடியாது.

சொன்னேன். உன் கெமிஸ்ட்ரியை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரிஞ்சா குடுத்தாரு?" என்றாள்.

"குடுக்கறச்சே தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது."

"டீ குடிக்க வந்தாரே, அப்போ?"

"தெரியும்."

கத்தவில்லை. என் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு, "அன்னிக்கி நீங்க கூடத்தானே குடிச்சிட்டு போனீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். இதற்கு நான் எந்த வேடிக்கைப் பேச்சும் வைத்திருக்கவில்லை.

கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "இப்போ இன்னா செய்யணும்?" என்றாள்.

நோன்பு தொடங்குவதற்கு முன்னால் உடைத்துவிட முடிவு செய்தோம். இரண்டு சுவரும் ஒரே நாள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தேன், உன் பெயரையும் சேர்த்து. ஆபத்தான கழிவைப் புதைக்கிற இடத்துக்கு எடுத்துப்போகிறார்கள். மனுஷனை எரித்தோம், செங்கல்லைப் புதைக்கிறோம். முறை மாறிப்போனது.

உடைக்கிறதுக்கு முந்தின நாள் ஜுவேரியா போன் பண்ணினாள். "எங்க அத்தா மேல சுத்தி எறங்குறத நான் பாக்க மாட்டேம்மா." நானும் மாட்டேன் என்றேன். அதனால் வீட்டை மாற்றிக்கொண்டோம். தங்கவேல் அவளை இங்கே இறக்கிவிட்டு, என்னை அங்கே ஏற்றிக்கொண்டு போனான். அவள் என் ஹாலில் நின்றாள். நான் அவள் சமையலறையில்.

ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து சுவரை நனைத்தார்கள். தண்ணீர் பட்டதும் மஞ்சள் எழும்பியது. உன் அண்ணா அவ்வளவு தெளிவாக எங்கள் வீட்டில்கூட வந்ததில்லை. உதடு வந்துவிட்டது, பரத்வாஜ். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. அவர் உட்கார்ந்து டீ குடித்த ஸ்டூலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, ஆட்கள் முன்னாலேயே, வாய்விட்டு, அவர் அங்கே சொல்ல வந்ததைச் சொன்னேன். "சமத் பாய், இந்தக் கல் ஆகாதது. உங்க பொண்ணு கையைக் கெடுத்துடுத்து. நாங்க தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டோம்." அந்த ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு உடைக்கச் சொன்னேன். கல்லுக்கு உள்ளேயும் மஞ்சள்தான்.

நீ வருகிற வாரம் புறப்பட்டு வா. ஏரிக்கரைப் பள்ளத்தைக் காட்ட வாரியத்து ஆட்களோடு நீ போக வேண்டும். அதற்கு முன்னால் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போ. டீ கொடுக்க மாட்டாள், எதிர்பார்க்காதே. அவள் விரலுக்கு வைத்தியம் நம் பொறுப்பு, விட்டுவிடாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் வயிற்றுக்குப் பத்தியச் சமையல் நான் பண்ணுகிறேன். ஹாலில் உனக்குப் படுக்கை கிடையாது. மேற்கே சுவர் இல்லை, தார்ப்பாய்தான். சாயங்காலக் காற்றில் அது உள்ளே உப்பி வரும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அன்றைக்கு எல்லாம் முடிந்து அவள் சமையலறையில் செங்கல்தூளைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஹாலிலிருந்து ஜுவேரியா போன் பண்ணினாள்.

"இங்க முடிஞ்சிச்சும்மா. ஒடைக்கிறதுக்கு முன்னாடி நான் செவுத்துல இருந்த சார்கிட்ட ஒண்ணு கேட்டுட்டேன். தப்பா எட்த்துக்காதீங்க."

"என்ன கேட்டே?"

"எங்க அத்தா உயிரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கலாம்ல சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றேன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பரத்வாஜ். நிஜமாகவே கேட்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"செவுரும்மா அது," என்றாள்.

உன் வருகையை எதிர்பார்த்து,
மன்னி ஜெயலக்ஷ்மி